மகாவிசுவாசம்

மகாவிசுவாசம்: அடைக்கலம் புகுந்தவரைத் திருமால் கைவிடார் என்னும் அசையாத நம்பிக்கை, வைணவத்தில் பிரபத்தி எனப்படும் சரணாகதியின் ஐந்து அங்கங்களுள் ஒன்று. சரணாகதி மனித முயற்சியா, இறைவன் கொடையா என்பதில் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் வேறுபடுகின்றன.

வடகலையின் வேதாந்த தேசிகர் (1268–1369) ரகசியத்ரயசாரத்தில், அருள் இறங்கச் சிறு வியாஜமேனும் (சாக்கு) உயிரிடம் வேண்டும் என்றார். தாய்க்குரங்கின் வயிற்றை இறுகப் பற்றும் குட்டி இதற்கு உவமை. தென்கலையின் பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் அருளைக் காரணமற்றதாக (நிர்ஹேதுகம்) கொள்ளும். இதற்கு உவமை பூனை: அது குட்டியைக் கவ்விச் செல்லும்; குட்டி சும்மா கிடக்கும். மணவாள மாமுனிகள் (1370–1443) ஸ்ரீவசனபூஷணத்துக்கு உரை வகுத்தார். உவமைகள் பிளவைச் சற்று மிகைப்படுத்துகின்றன. தேசிகரிடத்தும் சாக்கு அருளுக்கு விலையன்று.

நாட்டுப்புற வழிபாட்டில் மனித முயற்சியும் கேளாது வரும் அருளும் கலந்தே காணப்படும். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளுக்கு வேளாண்குடியினர் நேர்ந்துகொண்டு, விளைந்த தானியத்தையும் கால்நடையையும் காணிக்கையாகச் செலுத்துவர். தல வரலாறோ, காணாமல் போன பசு கம்பத்தில் பால் சொரிந்து நிற்க, கேளாமலே பெருமாள் வெளிப்பட்டதாகக் கூறும். இங்கு மூலவர் திருமேனி அக்கம்பமே: அனுமன் புடைப்புருவம் தாங்கிய கல்தூண்.