குடலை அடைக்கும் பித்தப்பைக் கல்: வலி குறைந்தாலும் ஆபத்து நீங்காது

பெங்களூரு: பித்தப்பைக் கல் என்றால் வலப்புற மேல்வயிற்றில் வலி, லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை, ஓரிரு நாள்களில் வீடு திரும்புதல் என்பதே பெங்களூரு போன்ற நகரங்களில் பலரும் அறிந்தது. அதே கல் பித்தப்பையை விட்டு வெளியேறிக் குடலை அடைத்துக்கொள்வதும் உண்டு. அரிய பாதிப்பு என்பதால் பெரும்பாலும் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. பாதிக்கப்படுவோரில் மூதாட்டிகளே அதிகம்.

நாள்பட்ட அழற்சியால் பித்தப்பை, அருகிலுள்ள முன்சிறுகுடலுடன் ஒட்டிக்கொள்கிறது. கல் தொடர்ந்து அழுத்துவதால் இடையிலுள்ள சுவர் அரிக்கப்பட்டுத் துளை உண்டாகிறது. அதன் வழியே குடலுக்குள் இறங்கும் சிறிய கற்கள் மலத்துடன் வெளியேறிவிடும். சுமார் 2.5 சென்டிமீட்டரைத் தாண்டியவை, சிறுகுடல் பெருங்குடலைச் சேருமிடத்துக்குச் சற்று முன்னுள்ள குறுகலான பகுதியில் சிக்கிக்கொள்கின்றன.

அதுவரை கல் ஓரிடத்தில் நிற்பதில்லை. சிக்கும்போது வலி, வாந்தி, வயிற்று உப்புசம், நகர்ந்ததும் நிம்மதி. இந்த ஏமாற்றும் நிம்மதியே பெரும் சிக்கல். வாயுத்தொல்லை என்றெண்ணி வீட்டு மருந்துடன் நாள்களைக் கடத்துவது இந்த இடைவெளியில்தான். முன்பு பித்தப்பைக் கல் இருந்ததே தெரியாதவர்களும் இவர்களில் பலர். மலமும் வாயுவும் பிரியாமல் தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

டென்மார்க் மருத்துவர் தாமஸ் பார்த்தோலின் 1654ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்துள்ளார். 1890இல் கூர்வாசியே தொகுத்த 131 நோயாளிகளில் 44 சதவீதத்தினர் உயிரிழந்திருந்தனர். வீங்கிய சிறுகுடல், பித்தநாளங்களில் காற்று, இடம் மாறிய கல் ஆகிய மூன்றையும் எக்ஸ்ரேயில் காணலாம் என 1941இல் ரிக்லர் சுட்டிக்காட்டினார். ஆனால் பெரும்பாலான பித்தக்கற்கள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. சிடி ஸ்கேன் வந்த பிறகே அறுவை சிகிச்சைக்கு முன்னர் நோயை உறுதிசெய்வது எளிதானது.

பெரும்பாலும் அறுவை சிகிச்சையே தீர்வு. முதலில் நீரிழப்பும் உப்புச்சத்துக் குறைவும் சரிசெய்யப்படுகின்றன. பின்னர் குடலைத் திறந்து கல்லை அகற்றுகின்றனர். பித்தப்பையையும் நீக்கித் துளையையும் அப்போதே மூடுவதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. 1,001 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த 1994ஆம் ஆண்டு ஆய்வில், கல்லை மட்டும் அகற்றியோரில் 11.7 சதவீதமும், அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டோரில் 16.9 சதவீதமும் இறப்பு பதிவானது. எனவே தளர்ந்த முதியவர்களுக்குக் கல்லை மட்டும் அகற்றுவதே வழக்கம். அகற்றிய கல்லின் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் உடன் வேறு கல்லும் இருக்கலாம் என்பதால், குடல் முழுவதையும் கையால் தடவிப் பார்த்த பிறகே வயிற்றை மூடுகின்றனர்.