ஒலி உடையும் இடம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பதிவிசையின் கதை

பதிவு செய்த பாட்டில் குரல் கரகரப்பதையும் மிருதங்கம் கிழிந்தாற்போல் கேட்பதையும் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்போர் ‘உடைகிறது’ என்றும் ‘கிளிப் ஆகிறது’ என்றும் சொல்வர். ஒரு கருவி தாங்கும் எல்லையைக் கடந்து ஒலி உள்ளே வரும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டு, பாடியவரும் வாசித்தவரும் எழுப்பாத அதிர்வுகள் புதிதாகச் சேர்ந்துவிடுவதே இதன் காரணம். வீட்டு அறையில் கணினியைக் கொண்டு பாட்டுப் பதிவு செய்வோரை அலைக்கழிக்கும் இக்குறை கணினியோடு பிறந்ததன்று. சித்தூர், திருப்பதி வட்டாரத்தோடு தொடர்புடைய இசைப் பதிவுகளின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் உடைவு காதில் படும் இடம் ஒன்றாகவும் அது நிகழும் இடம் வேறாகவும் இருந்து வந்திருப்பது புலப்படும்.

1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக் என்பதே கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலின் வாயில் பாட, அக்காற்றதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் பள்ளம் கீறிற்று. மெல்லப் பாடினால் ஒன்றும் பதியாது, உரக்கப் பாடினால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தை இடிக்கும். ஆகவே ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஒரே வழி பாடகரைப் புனலுக்கு அருகே நகர்த்துவதும் விலக்குவதுமாகவே இருந்தது. அக்காலத்துக் கர்நாடக இசையில் புனலுக்கு அடங்காத கச்சேரி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது காஞ்சிபுரம் நைனாப் பிள்ளையின் கச்சேரிதான். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று லய வாத்தியக்காரர் பலர் சூழ அமரும் அதனை ரசிகர்கள் ‘ஃபுல் பெஞ்ச்’ என்றழைத்தனர். பல ஒலிகள் ஒரே நொடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதே அதன் அழகு; பதிவுக் கருவிக்கு அதுவே ஆபத்து. நைனாப் பிள்ளையின் குரல் இசைத்தட்டில் கிடைக்காமற் போனது நம் இசை வரலாற்றின் ஈடுசெய்ய முடியாத இழப்புகளில் ஒன்றாகும்.

அவருடைய மாணவரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையோ (1898–1975) இசைத்தட்டின் மூலமே வீடுதோறும் அறியப்பட்டார். ‘மதுரா நகரிலோ’ என்னும் ஆனந்தபைரவி ஜாவளி அவர் குரலில் தட்டாக வந்து பெரும் புகழ் பெற்றது. 1954இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருதளித்தது. குரு மேடையில் விரித்த இசை சீடரிடம் மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்க நேர்ந்ததற்குக் காலமும் துணை நின்றது. 1925இல் மேலை நாடுகளில் தொடங்கிய மின்வழிப் பதிவு அப்பதிற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கும் வந்துவிட்டிருந்தது. மைக் வந்தபின் உடைவின் இடம் புனலிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நகர்ந்தது. ரேப்பள்ளையில் பிறந்து சித்தூர் நாடக மேடையால் அவ்வூரின் பெயரையே முன்னொட்டாகப் பெற்ற நடிகர் நாகையாவும் இத்தட்டுக் காலத்துப் பாடகரே.

1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி, ராதா விசுவநாதனுடன் பாடி எச்.எம்.வி. வெளியிட்ட வேங்கடேச சுப்ரபாதம் இவ்வரலாற்றில் தனித்து நிற்பது. அந்தப் பதிவு நல்ல கருவிகளில் ஒலித்ததைவிடக் கோயில் கோபுரங்களிலும் டீக்கடை வாசல்களிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் ஒலித்ததே மிகுதி. தாழ்ந்த சுருதிகளைக் குழாய் ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கிவிடும். ஒலியைக் கூட்டினால் மேல் சுருதிகள் உடையும். ஆனால் தாள வாத்தியமின்றி, தம்பூராவின் மேல் சீரான குரலில் செல்லும் அப்பாடலில் திடீரென எழும் உச்சிகள் இல்லை. பக்தியும் குரலின் தூய்மையும் அதன் நிலைபேற்றுக்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்த மோசமான கருவியிலும் சிதையாத அந்த எளிய அமைப்புக்கும் அதில் பங்குண்டு.

திருமலையில் செப்பேடுகளாகக் கிடந்த அன்னமாச்சாரியரின் (1408–1503) கீர்த்தனைகள் 1950களில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவின் இசையமைப்பால் மீண்டும் பாடத்தக்கனவாயின. 1978இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது. 1980ஐ ஒட்டி எம்.எஸ். பாடிய, அக்கீர்த்தனைகளும் இடம்பெற்ற பாலாஜி பஞ்சரத்னமாலா ஐந்து இசைத்தட்டுகளாக வெளிவந்தது. அக்கீர்த்தனைகள் மலையடிவாரத்துக் கடைகளில் பரவியது கேசட்டால். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகரும் அக்குறுகிய நாடாவில் ‘உஸ்’ என்ற இரைச்சலை மூழ்கடிக்க அளவை ஏற்றிப் பதிவார்கள். நாடாவோ தன் காந்தத் திறன் நிறைந்தபின் மேற்கொண்டு ஏற்காது. அந்நிறைவு மெல்ல மெல்ல நிகழ்வதால் முதற்பிரதியில் காதுக்கு இதமாகவே இருக்கும். ரெக்கார்டிங் சென்டர்களில் பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்கத்தான் குரல் மங்கிக் கரகரக்கும். வாங்கியவரோ குறை தம் கருவியில் என்றெண்ணி டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கணினிப் பதிவில் நாடாவைப் போல மெல்ல நிறையும் சலுகை இல்லை. எண்முறையில் உச்ச அளவு பூஜ்ஜிய டெசிபெல். அதற்கு மேல் எழுத எண்ணே இல்லாததால் அலையின் தலை சமதளமாக அறுபடும். தனித்தனியே பதிந்த தடங்களை இரு தடமாகக் கலப்பதை மிக்ஸ்டவுன் என்பர். குரல், தம்பூரா, மிருதங்கம், தாளம் என ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தும் கலவை உடைவது இங்குதான். ஒரே மாதிரியான இரண்டு அலைகள் சேர்ந்தால் அளவு 6 டெசிபெல் ஏறும், தொடர்பற்ற இரண்டு சேர்ந்தால் சராசரியாக 3 ஏறும். மிருதங்கத்தின் தொப்பி அடியும் குரலின் மேல் ஸ்தாயியும் ஒரே கணத்தில் விழும்போது எல்லை மீறலைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஃபுல் பெஞ்சின் சிக்கல் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது.

உடைவைத் தேடும் முறையும் ஒலி வந்த வழியையே பின்பற்றுவது. ஒவ்வொரு தடத்தையும் தனியே கேட்கையில் அளவைக் குறைத்த பின்னும் ஒரு தடம் கரகரத்தால், குற்றம் பெரும்பாலும் பதிவின்போது மைக்கிற்குக் கொடுத்த அதிக கெயினில் உள்ளது. அதைத் திரும்பப் பாடித்தான் சரிசெய்ய இயலும். தடங்கள் தூய்மையாக இருந்து கலவை மட்டும் உடைந்தால் எல்லாத் தடங்களையும் சமமாகத் தாழ்த்துவதே மருந்து. இன்றைய மென்பொருள்கள் பலவும் உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் இயங்குவதால் அங்கே எல்லை மீறிய ஒலி அழிந்துபோவதில்லை; 16 பிட் கோப்பாக வெளியேற்றும்போதே வெட்டுப்படும். எம்பி3யாகச் சுருக்குகையில் அலையின் உச்சி சற்று உயர்ந்துவிடுவதுண்டு என்பதால், கவனமுள்ள பொறியாளர்கள் ஒரு டெசிபெல் இடைவெளியாவது விட்டுவைக்கிறார்கள். கலக்காத தனித்தடங்களைச் சேமித்து வைத்தவருக்கு ஒரு கலவை பிழைத்தாலும் மறுபடி கலக்க வழியுண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் பாடி வாசிக்க, அது நேராக மெழுகில் கீறப்பட்ட தலைமுறைக்கு அவ்வழி வாய்க்கவில்லை.