எண்ணில்லாத் துப்பாக்கி

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமக் கட்டு விதித்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அவ்வநீதியை எதிர்த்துக் காங்கிரஸ் மகாசபை குரலெழுப்பிற்று. சுதந்திர பாரதம் 1959-இல் புதுச் சட்டம் கண்டது. செய்தவர் பெயரும் எண்ணும் பொறியாத துப்பாக்கியை விற்றலாகாது என்று அது விதித்தது.

அவ்விதியின் பொருளை நம் குண்டலுபேட்டையை அடுத்த வனங்கள் அறியும். 2004-இல் வீரப்பன் வீழும்வரை யானைகளும் மனிதரும் குண்டுக்கு இரையாயினர். பட்டறையில் பிறந்த நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணுமில்லை, ஏடுமில்லை; சுட்டவனைக் காட்டிக்கொடுக்க அதற்கு வாயுமில்லை.

2019-இல் கள்ளத் துப்பாக்கி செய்வோர்க்கு 7 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்றாயிற்று. 2023-இல் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து உரிமமில்லாத் துப்பாக்கிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிற்று. ஆயினும், அன்பர்களே, பன்றிக்கென்று பரணில் ஒளித்தது ஒருநாள் பிள்ளையின் கையில் வெடிக்கக்கூடும். சட்டம் வாசல்வரைதான் வரும். பரணைப் பார்க்க வேண்டியவர் நாமே.