வீட்டுக் கம்பிவட இணைப்பு

வீட்டுக் கம்பிவட இணைப்பு என்பது கேபிள் தொலைக்காட்சியின் குறிகைகளை (சிக்னல்) வீட்டின் நுழைவிடத்திலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி, இணைய மோடம் முதலிய கருவிகள் வரை கொண்டுசேர்க்கும் அமைப்பு ஆகும். தொலைக்காட்சி ஓர் அறையிலும், ரவுட்டர் எனப்படும் இணையத் திசைவி வேறோர் அறையிலும் இருக்கலாம். எனினும் குறிகை எங்கே, எத்தனை முறை பிரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே இரண்டின் தரமும் அமைகிறது.

ஓரச்சு வடம்

இவ்விணைப்பில் பயன்படுவது ஓரச்சு வடம் ஆகும். இதன் நடுவில் ஒரு கம்பியும், அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருளும், அதன்மேல் உலோக வலையும், வெளியே நெகிழி உறையும் இருக்கும். கம்பியும் வலையும் ஒரே அச்சைக் கொண்டிருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. ஆலிவர் எவிசைடு இதற்கு 1880 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். வீடுகளில் பெரும்பாலும் 75 ஓம் மின்மறுப்பு கொண்ட ஆர்ஜி-6 வகை வடம் பயன்படுகிறது.

குறிகை இழப்பு

ஒரு வடத்தை இரண்டாகப் பிரிக்கும் கருவி பிரிப்பான் (ஸ்பிளிட்டர்) எனப்படும். இருவழிப் பிரிப்பானில் குறிகையின் திறன் பாதியாகிறது. இது 3 டெசிபெல் இழப்பாகும். நடைமுறையில் இழப்பு சுமார் 3.5 டெசிபெல். நால்வழிப் பிரிப்பானில் இது சுமார் 7 டெசிபெல். ஆர்ஜி-6 வடம் 900 மெகாஏர்ட்சு அளவில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் இழக்கும். ஆகவே ஓர் இருவழிப் பிரிப்பான் ஏறத்தாழ 17 மீட்டர் கூடுதல் வடத்திற்கு ஈடானது.

ஒப்புமை முறை ஒளிபரப்பில் குறிகை குறைந்தால் திரையில் புள்ளிகள் தோன்றும். படம் ஓரளவு தெரியும். எண்ணிம முறையில் ஓர் எல்லை வரை படம் தெளிவாக இருந்து, அதற்குக் கீழே கட்டங்களாகச் சிதறி நின்றுவிடும். பிரிப்பானில் பயன்படாத முனையை 75 ஓம் முடிப்பியால் மூடுவது எதிரொலிப்பைத் தவிர்க்கும்.

இணையமும் தொலைக்காட்சியும்

மூன்று வகை அமைப்புகள் காணப்படுகின்றன.

1. தனித்தனி இணைப்புகள்: இரண்டும் வெவ்வேறு வடங்களில் வருவதால் ஒன்றின் இடம் மற்றதைப் பாதிக்காது.
2. ஒரே ஓரச்சு வடம்: 1997 இல் வெளியான டாக்சிசு செந்தரத்தின்படி மோடம் தொலைக்காட்சி வடத்திலேயே இயங்கும். பயனரிடமிருந்து செல்லும் தரவு தாழ்ந்த அலைவெண்களில் எதிர்த்திசையில் பயணிக்கிறது. எனவே ஒருதிசைப் பெருக்கியை இடையில் வைத்தால் இணையம் தடைபடும். நுழைவிடத்தில் உள்ள முதல் பிரிப்பானிலிருந்தே மோடத்திற்குத் தனி வடம் இழுப்பது நல்லது.
3. ஒளியிழை: ஒரே இழையில் இணையத் தரவு 1490, 1310 நானோமீட்டர் அலைநீளங்களிலும், தொலைக்காட்சி 1550 நானோமீட்டரிலும் வருகின்றன. வீட்டிலுள்ள ஒளியிழைப் பெட்டியில் தொலைக்காட்சிக்கென ஓர் ஓரச்சு முனை இருக்கும். தொலைக்காட்சி வேறு அறையில் இருந்தால் அம்முனையிலிருந்து ஓரச்சு வடத்தை நீட்டலாம். திசைவியை நகர்த்தவேண்டுமெனில் 100 மீட்டர் வரை ஈதர்நெட் வடம் பயன்படும்.

சென்னையில்

வடபழனி போன்ற நெருக்கமான பகுதிகளில் வடம் மின்கம்பங்கள் வழியாகவும் மொட்டைமாடிகள் வழியாகவும் வருவது வழக்கம். ஒப்புமை முறைக் காலத்தில் கேபிள்காரர் தரும் ஓர் இணைப்பைப் பிரிப்பான் கொண்டு இரண்டு அறைகளில் பார்க்க முடிந்தது. 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்தபின் கட்டணச் சேனல்களுக்குச் செட்-டாப் பாக்ஸ் தேவையாயிற்று. இலவசச் சேனல்களைப் பெட்டியின்றியும் காண முடிந்தது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொடர்ந்து நாடெங்கும் எண்ணிம முறை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2007 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனமும் 2017 இல் எண்ணிம ஒளிபரப்புக்கு மாறியது.

இதனால் பிரிப்பானின் பயன் மாறிவிட்டது. ஒரே தொலைக்காட்சியை வேறு அறைக்கு மாற்ற வடத்தை நீட்டினால் போதும்; புதிய இணைப்பு தேவையில்லை. இரண்டாவது தொலைக்காட்சியில் வேறு சேனலைப் பார்க்க இன்னொரு செட்-டாப் பாக்ஸ் வேண்டும்.

பாதுகாப்பு

- 230 வோல்ட் மின்கம்பிகள் செல்லும் குழாயில் ஓரச்சு வடத்தைச் செலுத்தக்கூடாது.
- மொட்டைமாடியில் உள்ள இணைப்பிகளில் மழைநீர் புகுந்தால் உலோக வலை அரித்துக் குறிகை குறையும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவற்றைச் சோதிப்பது நல்லது.
- இடி மின்னலின்போது திறந்த மாடியில் வடத்தைத் தொடுவது ஆபத்தானது. வடத்தின் உலோக வலையைப் புவியிணைப்பு செய்வது கருவிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு தரும்.

இவற்றையும் பார்க்க

- ஓரச்சு வடம்
- ஒளியிழை
- திசைவி