தோட்டாவுக்கு எண் இட்ட வரலாறு: டம்டம் ஆலையும் பகடை விளையாட்டும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில், சுடப்பட்டவர் பிழைப்பாரா என்பதைப் பகடை சொல்லும். 'கால் ஆஃப் கத்தூலு' (முதல் பதிப்பு 1981) விதிநூல்களில் .303 லீ-என்ஃபீல்ட் ரைஃபிளுக்குத் தந்திருக்கும் சேதம் 2டி6+4. ஆறுபக்கப் பகடை இரண்டை உருட்டி, விழுந்த தொகையோடு நான்கைக் கூட்டி, அடிபட்டவரின் உயிர்ப்புள்ளியில் கழிக்க வேண்டும். சராசரியாக 11 வரும். சாதாரண மனிதப் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளியோ 11 அல்லது 12. ஒரே குண்டில் ஆள் சாய்வார், அல்லது சாய்கிற தறுவாயில் நிற்பார்.

விளையாட்டை வகுத்தவர்கள் கொல்கத்தாவை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பது என் வாதமல்ல. ஆனால் இதே .303 ஒரு காலத்தில் ஆளைச் சாய்க்காத தோட்டா என்று பழிக்கப்பட்டது. அந்தப் பழிக்கு விடை தேடிய இடங்களில் முக்கியமானது, நகரின் வடக்கே உள்ள டம்டம்.

வங்காளப் பீரங்கிப்படையின் தலைமையிடமாக இருந்த ஊர் அது. 1846இல் அங்கே தோட்டா ஆலை வந்தது.   1895இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் படையெடுப்பில், குண்டு பட்டவர்களும் ஓடிவந்து தாக்குகிறார்கள் என்று பிரிட்டிஷ் படையினர் முறையிட்டனர். டம்டம் ஆலையின் கண்காணிப்பாளர் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, தோட்டாவின் நிக்கல் கலந்த மேலுறையை முனையில் சற்றே குறைத்து, உள்ளிருந்த ஈயத்தை ஏறத்தாழ 1 மி.மீ. அளவு வெளியே தெரியவிட்டார். உடலில் பட்டதும் அந்த முனை காளான்போல் விரிந்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முந்தைய ரைஃபிளான மார்ட்டினி-ஹென்றியின் ஈயக் குண்டு சுமார் 31 கிராம். வேகம் விநாடிக்கு 410 மீட்டர் அளவில். கார்டைட் வெடிமருந்து போட்ட .303 லீ-மெட்ஃபோர்டின் குண்டு சுமார் 14 கிராம். வேகம் 600 மீட்டர். இயக்க ஆற்றல் முன்னதற்கு ஏறத்தாழ 2,600 ஜூல், பின்னதற்கு 2,500 ஜூல். வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் களத்திலிருந்தவர்கள் கண்ட வித்தியாசம் பெரிது: மெல்லிய, உறையிட்ட குண்டு ஊடுருவிப் போய்விட்டது, தன் ஆற்றலில் பெரும்பகுதியை உடலுக்குள் விடவேயில்லை. ஆற்றலை அப்படியே சேதமாக்கும் எந்த அட்டவணையும் இந்த இடத்தில் தடுக்கிவிழும்.

1898இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் பவுல் ஃபான் புரூன்ஸ், விரியும் முனைத் தோட்டாக்களின் புண்களைப் பற்றிய தம் சோதனை முடிவுகளை வெளியிட்டார். அவர் சுட்டுப் பார்த்தவை டம்டம் தோட்டாக்கள் அல்ல. ஈயம் அதைவிட மிகுதியாக வெளித்தெரியும் வேட்டைத் தோட்டாக்கள். இருந்தும் பழி டம்டம்மேல் விழுந்தது. 1899 ஜூலை 29 தேதியிட்ட ஹேக் பிரகடனம், உடலில் எளிதில் விரியும் தோட்டாக்களைத் தடைசெய்தது. ஊரின் பெயர் அதில் இல்லை. கருவை முழுமையாக மூடாத உறை என்ற விவரிப்பு மட்டும் இருக்கிறது. பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா எதிர்த்து வாதிட்டார்: ஐரோப்பியப் போர்வீரன் அடிபட்டால் விழுந்துவிடுவான், 'காட்டுமிராண்டி' விழமாட்டான் என்று. பிரகடனம் ஒப்பமிட்ட நாடுகளுக்கு இடையிலான போர்களுக்கே பொருந்தும் என்பதால், காலனிப் போர்கள் அதற்கு வெளியேதான் நின்றன. அதாவது சேதத்தின் எண் தோட்டாவைப் பொறுத்ததல்ல, சுடப்படுபவரின் இனத்தைப் பொறுத்தது என்று ஒரு வல்லரசு வெளிப்படையாகவே சொன்னது.

பிலிப்பைன்ஸில் போரிட்ட அமெரிக்கருக்கும் தங்கள் கைத்துப்பாக்கிகள்மேல் இதே குறை. 1904இல் அமெரிக்கப் படை அதிகாரிகள் தாம்சனும் லகார்டும் சிகாகோ கால்நடைத் தொட்டிகளில் மாடுகளைச் சுட்டும், பிணங்களைச் சுட்டும் பார்த்து, .45க்குக் குறைந்த கைத்துப்பாக்கி வேண்டாம் என்றனர். அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் ஜூலியன் ஹாட்சர் 1935இல் வெளிவந்த தம் நூலில் சூத்திரமே தந்தார்: உந்தம் × குறுக்குவெட்டுப் பரப்பு × வடிவக் காரணி. உறையிட்ட உருண்டை முனைக்குக் காரணி குறைவு. தட்டை முனைக்கு அதிகம். கைத்துப்பாக்கிக்கான சூத்திரத்தை ஒப்புக்கு ரைஃபிளில் போட்டுப் பார்த்தால், மார்ட்டினி, லீ-மெட்ஃபோர்டைவிட மூன்று மடங்குக்கு மேல் போகிறது. பெர்ட்டி-கிளே வெளியே தெரியவிட்ட அந்த ஒரு மில்லிமீட்டர், ஹாட்சரிடம் ஒரு பெருக்கு எண்ணாகிவிட்டது.

விளையாட்டுகள் இதை மெல்லத்தான் எட்டின. 1974இன் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முதல் பதிப்பில் எந்த ஆயுதத்துக்கும் ஒரே ஆறுபக்கப் பகடைதான். 1975இன் 'பூட் ஹில்' காயத்தையே தரம்பிரித்தது: லேசானது, கடுமையானது, உயிர்போக்குவது. என் பார்வையில் இது பின்வந்த பல விதிகளைவிட நேர்மையானது. 'டிராவலர்' (1977) அடியை உடல் வலு, சுறுசுறுப்பு, தாங்குதிறன் ஆகியவற்றிலிருந்தே கழித்தது. 2004இல் வந்த 'கர்ப்ஸ்' நான்காம் பதிப்பு முதலில் துளைக்கும் வலுவைப் பகடையாக்கி, கவசம் தடுத்தது போக மிஞ்சியதை, குண்டின் பருமனுக்கேற்ப பாதியாக, ஒன்றரையாக, இரட்டிப்பாக மாற்றுகிறது. விரியும் முனைத் தோட்டாவுக்கு அங்கே ஒரு படி ஏற்றம். கவசத்தின் முன் மட்டும் அது பலவீனம். துளைப்பது வேறு, புண்ணாக்குவது வேறு என்று பிரித்த இந்த ஏற்பாட்டில்தான் சித்ரால் படையினரின் முறையீடு கடைசியாக விதியாகிறது.

'கத்தூலு'வின் கதைக்காலம் 1920கள். அப்போது பிரிட்டிஷ் படை சுட்டது 1910இல் வந்த மார்க் 7 தோட்டா. முழு உறை, கூர்முனை, ஹேக் சட்டத்துக்கு உடன்பட்டது. ஆனால் முனைக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ மரக்கூழோ வைத்து வாலைக் கனமாக்கியிருந்தார்கள். உடலுக்குள் போனதும் குண்டு குட்டிக்கரணம் போடும். அந்தத் தோட்டாவுக்கு 2டி6+4 பொருத்தமே. சித்ராலில் குறைசொல்லப்பட்ட பழைய மார்க் 2 தோட்டாவுக்குப் பொருந்தாது. விதிநூலின் அட்டவணையில் .303 என்றும் லீ-என்ஃபீல்ட் என்றும் இருக்கிறது. மார்க் எண்ணுக்கு அங்கே கட்டமே இல்லை.