தமிழ்த் தட்டச்சுப் பொறி: சேகரிப்பும் சீரமைப்பும்

பழைய இயந்திர விசைப்பலகைகளில் தமிழருக்கு நெருக்கமானது தமிழ்த் தட்டச்சுப் பொறி. இதன் விசைப்பலகையை வகுத்தவர் யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, மலேயாவுக்குப் பிழைக்கப் போன இரா. முத்தையா. ஜெர்மனியின் ஸைடல் அண்டு நௌமன் நிறுவனம் அவர் அமைப்பில் ‘பிஜோ’ பொறிகளைச் செய்தது. இந்தியாவில் கோத்ரெஜ் 1955இல் தட்டச்சுப் பொறி தயாரிக்கத் தொடங்கியது.

முத்தையாவின் பெரும் சாதனை நகரா விசை. வலது சுண்டுவிரலால் புள்ளியைத் தட்டினால் தாளில் புள்ளி விழும், தாளைத் தாங்கும் கேரியேஜ் நகராது. அடுத்து ‘க’ தட்டினால் புள்ளியின் கீழே எழுத்து வந்து ‘க்’ ஆகும். எழுதும் வரிசைக்கு நேர்மாறான இந்தப் பழக்கம் ‘யளனகப’ பயிற்சியோடு தட்டச்சுப் பள்ளிகளில் விரல்களில் ஏறிவிடும். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடக்கிய இந்த வேலை உண்மையிலேயே வியப்புக்குரியது.

ஆங்கிலப் பொறியைத் தமிழுக்கு மாற்ற, எழுத்துக் கம்பியின் நுனியில் பற்றவைத்த அச்சுகளை எடுத்துத் தமிழ் அச்சுகளைப் பொருத்துவார்கள், விசைத்தொப்பிகளும் மாறும். சேகரிப்புக்காகப் பழைய பொறியை வாங்குமுன் நகரா விசையைத் தட்டிப் பார்ப்பது முக்கியம்.

இராமநாதபுரம் போன்ற கடலோரங்களில் இந்தப் பொறிகளுக்கு உப்புக்காற்றே பெரிய எதிரி. எழுத்துக் கம்பிகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். கம்பிகள் அசையும் பள்ளங்களில் எண்ணெய் ஊற்றக் கூடாது, தூசி சேர்ந்து இறுகிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் துடைத்து நன்கு உலர்த்த வேண்டும். ரப்பர் உருளை இறுகியிருந்தால் புது ரப்பர் போடுவதே வழி.