முப்பதில் ஒன்று

பதிப்பாளர் துணையின்றி எழுத்தாளர் தம் நூலைத் தாமே வெளியிட்டுக்கொள்வது புதிதன்று. ஆயினும் 2007-இல் அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியோடு அதற்கான வாயிலையும் திறந்துவிட்டபின், ஆங்கிலத்தில் மிகுபுனைவு நாவல்கள் அளவின்றிப் பெருகின. வெளியிடுதல் எளிதாயிற்று, வாசகர் கண்ணில் படுதல் அரிதாயிற்று.

இந்நிலையில்தான் 2015-இல் மார்க் லாரன்ஸ் ஒரு போட்டியைத் தொடங்கினார். 2011-இல் 'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்' நாவலால் பெயர்பெற்றவர் அவர். பின்னாளில் நிலைபெற்ற கணக்குப்படி, போட்டிக்கு வரும் நூல்கள் 300. படிக்கும் விமர்சனக் குழுக்கள் 10. ஒவ்வொரு குழுவும் தன் பங்கான முப்பதில் ஒன்றை மட்டுமே தெரிந்தெடுக்க வேண்டும். அப்பத்து நூல்களையும் பத்துக் குழுக்களும் படித்து மதிப்பெண் இடும். பரிசுப் பணம் என்று எதுவும் இல்லை. முதலாண்டில் மைக்கேல் மக்லங் வென்றார். 2016-ஆம் ஆண்டுப் போட்டியில் ஜொனாதன் ஃபிரெஞ்சின் 'தி கிரே பாஸ்டர்ட்ஸ்' வென்று, 2018-இல் பெரும்பதிப்பகம் ஒன்றின் வழியே மறுபடி வெளிவந்தது.

நமக்கு வென்ற நூல்களைவிடத் தோற்ற நூல் ஒன்றே முக்கியமாகப் படுகிறது. ஜோசையா பான்கிராஃப்ட் 2013-இல் தாமே வெளியிட்ட 'செண்லின் அசெண்ட்ஸ்' அது. தேனிலவுக்கு பாபேல் கோபுரத்தைக் காணவந்த பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டு அடுக்கடுக்காய்த் தேடி ஏறும் கதை. 2016-இல் போட்டிக்கு வந்த அந்நூல் முப்பதில் ஒன்றாகத் தேறவில்லை. எனினும் லாரன்ஸ் அதைப் படித்தார். வாய் ஓயாமல் பிறருக்குச் சொன்னார். 2018-இல் ஆர்பிட் பதிப்பகம் அதை வெளியிட்டது. விதி கைவிட்டதை ஒரு வாசகரின் பிடிவாதம் மீட்டது என்றே கொள்ளலாம். (அப்படி மீட்க ஆளின்றிப் போன நூல்கள் எத்தனையோ!)

2019-இல் போட்டியில் நுழைந்த எம். எல். வாங்கின் 'தி ஸ்வோர்டு ஆஃப் கைகென்' வேறுவகை வெற்றி. போர்க்கலையைத் துறந்து இல்லறத்தில் அடங்கிய தாயொருத்தியைக் கதையின் நடுவில் நிறுத்துகிறது அது. அவருடைய பிந்தைய நாவலான 'பிளட் ஓவர் பிரைட் ஹேவன்' 2023-இல் சுயபதிப்பாக வந்து, மறு ஆண்டே பெரும்பதிப்பகத்தின் கைக்குச் சென்றது.

அறிவியல் புனைவுக்கும் இதே வகைப் போட்டியை 2021-இல் ஹ்யூ ஹோவியும் டங்கன் ஸ்வானும் தொடங்கினர். 2011-இல் 'வூல்' கதையைத் தாமே வெளியிட்ட ஹோவி, பின்னர் அச்சுரிமையை மட்டும் பதிப்பகத்துக்கு விற்று, மின்னூல் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டவர். அங்கே முதலில் வென்றது எஸ். ஏ. தோலினின் 'அயர்ன் ட்ரூத்'.

இப்போட்டிகளில் விலக்கப்பட்ட நூல்களுக்கும் பல குழுக்கள் காரணம் எழுதின. எந்த அத்தியாயத்தில் கதை தளர்ந்தது, எங்கே நடை இடறியது என்று முன்பின் அறியாத ஒருவர் எழுதும் அந்தச் சில பத்திகளுக்காகவே நூலை அனுப்பியவர்களும் உண்டு.